மகேசுக்கு மாரடைப்பு இல்லை

எல்லம்மாவுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது. முதலில் கை கொண்டைக்குப் போகும். அவிழ்த்து, உதறி, மறுபடி இறுக்கி முடிவாள். சேலையூரில் எங்கள் தெருவில் எல்லாருக்கும் அது தெரியும். கொண்டையில் கை போய்விட்டால், எதிரில் நிற்கிறவர் யாராக இருந்தாலும் ஒரு அடி பின்னால் போய்விடுவது உடம்புக்கு நல்லது.

மேடவாக்கத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் அவளுக்குச் சமையல் வேலை. ஐ.டி. கம்பெனிக்குப் போகிற பெண்களுக்குப் பொங்கலும் சட்னியும் செய்து போட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் இடிபட்டுக்கொண்டு வீடு வருவாள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. ஒரே மகள் மகேஸ்வரி. எங்களுக்கு மகேசு.

அந்த மகேசுதான் போன வருஷம் மாசியில் செத்துப்போனாள். காசநோய். டி.பி. என்று சொன்னால்தான் எங்கள் பக்கம் புரியும். புரியும் என்றேனே தவிர, யாரும் சொல்லமாட்டார்கள். அந்த வியாதிக்கான ஆஸ்பத்திரியை வைத்தே சானடோரியம் என்று பேர் வந்த ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிறது, தினம் ஏறி இறங்குகிறோம். ஆனால் அந்த வியாதியின் பேர் மட்டும் வாயில் வராது. என்ன ஜனங்களோ நாங்கள்!

மகேசு மாத்திரையை ஒழுங்காகத்தான் சாப்பிட்டாள். கல்யாணமான புதிது, புருஷன் சுகுமார் வீட்டில் தெரியக்கூடாது என்று அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்துச் சாப்பிட்டாள். ஒரு நாள் மாமியார் கையில் மாத்திரை அட்டை சிக்கியது. மறுநாளே சுகுமார் அவளைப் பெட்டியோடு கொண்டுவந்து அம்மா வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனான். உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை மகராசன். மாத்திரையை விட்டுவிட்டு, எனக்கு ஒன்றுமில்லை என்று காட்டினால் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வான் என்று நினைத்தது அந்தப் பைத்தியக்காரப் பெண். அம்மாவுக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டாள். முழுசாகச் சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னார். எல்லம்மாவால் இன்றுவரை தாங்க முடியாதது அந்த ஒரு வார்த்தைதான்.

சாவுக்கு எல்லாவற்றையும் முன்னின்று செய்தவர் எல்லம்மாவின் அண்ணன் வேதாசலம். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் தெருமுனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரில் ‘மாரடைப்பால் அகால மரணம்’ என்று போட்டுவிட்டார். வந்தவர், போனவர் எல்லாரிடமும் அதையே சொன்னார். வண்டி கிளம்பியதும் பெண்களெல்லாம் வழக்கம்போலத் தெருமுனையோடு நின்றோம். அதற்கு மேல் சுடுகாட்டுக்கு ஆம்பளைகள்தான் போவார்கள். எல்லம்மா நிற்கவில்லை, வண்டிக்குப் பின்னால் ஓடினாள். பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். அந்த முனையிலேயே உட்கார்ந்து மண்ணை வாரி அந்த பேனர்மேல் வீசினாள்.

இந்த வருஷம் மார்ச்சில் கேம்ப் ரோடு பக்கத்து இளைஞர் மன்றமும் அபார்ட்மெண்ட்காரர்களும் சேர்ந்து டி.பி. நோயாளிகளுக்குப் பணம் திரட்ட ஒரு நடை ஏற்பாடு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, கேம்ப் ரோட்டிலிருந்து தாம்பரம் ஸ்டேஷன் வரை. இந்த நோயில் யாரையாவது பறிகொடுத்த குடும்பம் இருந்தால் அவர்கள் படத்தோடு முன்னால் நடக்கலாம் என்றார்கள். எங்கள் பக்கத்தில் பேர் கொடுத்தது எல்லம்மா ஒருத்திதான். விஷயம் ஹாஸ்டல் வரைக்கும் போய், முதலாளி இனிமேல் சமையலுக்கு வரவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். அவள் தன் எக்ஸ்ரே படத்தை அவர் முகத்துக்கு நேரே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தன் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொன்னாளாம். வேலை தப்பியது.

வருஷ நினைவுக்குத் தெருவில் கட்டத்தான் என்று நினைத்துக்கொண்டு, பேனர் செலவு தன்னுடையது என்று வேதாசலம் ஏற்றுக்கொண்டார். பழைய கடைக்கே போனார். கடைக்காரன் கம்ப்யூட்டரில் கிடந்த சாவு பேனரையே எடுத்து, மேலே ‘முதலாம் ஆண்டு நினைவஞ்சலி’ என்று மாற்றி, மற்றதை அப்படியே அடித்துக் கொடுத்துவிட்டான். மூலையில் கூலிங் கிளாஸும் கைகூப்புமாக வேதாசலம், மகேசு படத்தைவிடக் கொஞ்சம் பெரிசாக. நடுவில் அதே மாரடைப்பு. டி.பி.க்கு நடக்கிற நடையில் மாரடைப்பு பேனர்! நான் சிரித்துவிட்டேன். எல்லம்மா சிரிக்கவில்லை. உள்ளே போய் மகேசுவின் கண்மை டப்பாவை எடுத்து வந்தாள். மை தொட்ட விரலால் மாரடைப்பு என்ற எழுத்தைப் பூசி அழித்தாள். பக்கத்தில் டி.பி. என்று பெரிசாக எழுதினாள். பேனர் அடித்திருந்த மரச்சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். பெண்கள் சிலர் பின்னாலேயே போனோம்.

தெருமுனையில் வேதாசலம் வழியை மறித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் மெயின் ரோட்டில் நடைக்காரர்கள் வெள்ளைச் சட்டையோடு வந்துகொண்டிருந்தார்கள். பேனரைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்துப்போனது.

“சாவு பேனரைத் தூக்கினு பொம்பள இந்த முனையைத் தாண்டுவாளா? அடுத்த வாரம் துர்காவுக்குப் பரிசம் கீது. டி.பி. வந்த வூடுன்னு மாப்பிள்ளை வூட்டுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்னு யோசிச்சியா?”

துர்கா அவருடைய மகள். மகேசுவோடு ஒரே தட்டில் தின்று வளர்ந்தவள்.

“என் பொண்ணு ஒளிச்சு ஒளிச்சே செத்தாண்ணா,” என்றாள் எல்லம்மா. “இன்னும் எங்க ஒளிக்கச் சொல்ற?”

சொல்லிவிட்டாளே ஒழிய, அவள் கால் நகரவில்லை. எங்களுக்கு நடுவில் நின்ற துர்காவைத் திரும்பிப் பார்த்தாள். ஊரே சேர்ந்து எதிர்த்தாலும் கவலைப்படாதவள், தன்னால் இன்னொரு பெண் வாழ்க்கை கெட்டுவிடுமோ என்று பயந்துவிட்டாள். சட்டத்தை நெஞ்சிலிருந்து கொஞ்சம் கீழே இறக்கினாள். போச்சு, திரும்பிவிடப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

துர்கா முன்னால் வந்தாள். சட்டத்தின் ஒரு பக்கத்தை அத்தை கையிலிருந்து வாங்கிப் பிடித்தாள். மை அவள் சுடிதாரெல்லாம் ஒட்டியது. அப்பாவை நேருக்கு நேர் பார்த்தாள்.

“நாளைக்கு நான் இருமினா, எனக்கும் மாரடைப்புன்னுதான் பேனர் போடுவியாப்பா?”

வேதாசலம் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

எல்லம்மாவுக்கு இப்போது ஒரு கை காலியாக இருந்தது. அது மெல்லக் கொண்டைக்குப் போனது. அவிழ்த்து, உதறி, ஒற்றைக் கையாலேயே சுற்றிச் செருகினாள்.

வேதாசலம் ஒரு அடி பின்னால் போனார். அத்தையும் மருமகளும் மகேசுவைத் தூக்கிக்கொண்டு முனையைத் தாண்டினார்கள். நாங்களும் தாண்டினோம்.