இலை கொண்டுவரும் வேலை

பூச்சிமருந்து அடிப்பவரிடமே வந்து பூச்சி ஆராய்ச்சிக்கு உதவி கேட்டாள் மகள். மருந்துக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. எப்போதும் அம்மாவையே ஒட்டிக்கொண்டு திரிகிற பெண்! அம்மா கைக்குழந்தையோடு அல்லாடுவதால்தான் தனக்கு இந்த யோகம் அடித்தது என்பது அவருக்கும் தெரியும். இருக்கட்டுமே.

பழைய காலத்துப் பூச்சி விஞ்ஞானி ஒருத்தியைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். புழுக்கள் சேற்றிலிருந்து தானாக முளைப்பதாகப் பலரும் நம்பிய காலத்தில், வீட்டிலேயே புழு வளர்த்து, அது பட்டாம்பூச்சி ஆகும்வரை பார்த்துப் பார்த்துப் படம் வரைந்தவள். நூலகப் புத்தகத்தை அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"வேகமாப் படிங்கப்பா, தூக்கம் வருது," என்று மகள் கிண்டலடித்தாள். "நாமளும் புழு வளப்போம். இலை கொண்டுவர்றது உங்க பொறுப்பு."

எலுமிச்சைச் செடியில் பிடித்த பச்சைப் புழுக்கள் ஜாம் பாட்டிலில் குடியேறின. வேலை முடிந்து, குளித்து, சட்டை மாற்றிய பிறகுதான் பக்கத்து வீட்டுச் செடியில் கொழுந்து பறிப்பார். பகலெல்லாம் ஓட்டல் சமையலறைகளில் கரப்பான்களைக் கூண்டோடு ஒழித்துவிட்டு வருகிற மனுஷன், "சரியான சாப்பாட்டு ராமனுங்க!" என்று புழுக்களைக் கொஞ்சுவார்.

வகுப்புக்கு முந்தின நாள், வேலைக்குப் போன வீட்டு வாசலில் தளதளவென்று எலுமிச்சைக் கொழுந்து. ஆசை யாரை விட்டது? சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பறித்தார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த இலை புழுவுக்கு ஆகாது என்று மகள் சொல்லியிருந்தாளே! வேலைப் பைக்குள் திணித்து மூடினார். உள்ளே மருந்து தோய்ந்த கையுறைகள் கிடந்தன. கழுவிய கையையே நினைத்துக்கொண்டிருந்தவருக்குப் பை உறைக்கவே இல்லை.

காலையில் புழுக்கள் எல்லாம் கறுத்துச் சுருண்டு கிடந்தன.

மகள் பாட்டிலை முகர்ந்தாள். "மருந்து வாசம் அடிக்குதுப்பா."

"தெரியாம நடந்துபோச்சு கண்ணு. இலைய வேலைப் பையில வச்சுட்டேன். அப்பாவ ரெண்டு அடி வேணா அடி."

அவள் பாட்டிலை அப்படியே வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. அவர் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்துக் குளித்தார்.

சாயங்காலம் தொட்டிலில் குழந்தை வீறிட்டது. அம்மா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். இவர் தூக்கக் குனிந்தார். அப்போதுதான் உள்ளே நுழைந்த மகள், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து தொட்டிலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பியத் தொடாதீங்கப்பா," என்று கெஞ்சினாள். "அவன் ரொம்பச் சின்னவம்ப்பா."