வாலென்டியின் மேப்பிள் குச்சி

வாலென்டியைப் பற்றி எங்கள் தெருவில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எதையும் நம்ப வேண்டாம். பஃபலோவில், வின்ஸ்லேட் கார் கம்பெனியின் எஞ்சின் சோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருஷம் அவனுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன் நான். அவனைத் திட்டுவதென்றால் அந்த உரிமை எனக்குத்தான். திட்டும்போது என்னையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டியிருக்கும்.

வின்ஸ்லேட் கொடிகட்டிப் பறந்த காலம் அது. ரயில் முதலாளிகளே ஒரு வருஷம் காத்திருந்து கார் வாங்கினார்கள். உள்ளே உட்கார்ந்தவருக்கு எஞ்சின் ஓடுவதே கேட்கக் கூடாது என்பது பெரிய முதலாளியின் பிடிவாதம். அதற்காக ஒவ்வொரு எஞ்சினையும் அரை நாள் ஓடவிடுவோம். மேப்பிள் குச்சியின் ஒரு நுனியை இரும்பில் ஊன்றி, மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்போம். துளி சந்தேகம் வந்தாலும் பிரித்துப் போட வேண்டும். சரியாக இருந்தால் அவரவர் எண்ணை எஞ்சின்மேல் முத்திரையாக அடிக்க வேண்டும். வாலென்டியின் எண் ஏழு.

1924 வாக்கில் அவன் குச்சியைக் காதில் வைக்காமல் பல்லில் கடிக்க ஆரம்பித்தான்.

"டேய், வாயில என்ன கொழுக்கட்டையா? கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டேங்குற!" என்று கேலி செய்தேன். சிரித்தான். ஒரு நாள் அவன் முதுகுக்குப் பின்னால் இரும்புத் தகடு ஒன்று என் கை தவறி விழுந்தது. கூடமே துள்ளியது. அவன் மட்டும் அசையவில்லை. மதியம் ரொட்டியைப் பிய்த்தபடி என் காதருகே குனிந்தான்.

"யார்கிட்டயும் சொல்லிடாதடா. காது போயிடுச்சு. ஆனா பல்லுல தெரியுது. சத்தியமா, முன்னைவிட நல்லாத் தெரியுது."

உண்மைதான். என் காதுக்கு எட்டாத கோளாறையெல்லாம் அவன் பல் பிடித்தது. ஆனால் காது கேட்காதவனைக் கேட்கும் வேலையில் எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? தெரிந்தால் அன்றே சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அவனுக்கு மனைவி இல்லை, பெலாஜியா என்று ஒரே மகள். முகத்தைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவான் என்பதால் அவளுக்கும் தெரியவில்லை. கூப்பிட்டும் திரும்பாவிட்டால் அப்பாவுக்கு வீம்பு என்று நினைத்துக்கொள்வாள். அவள் கட்டிக்கொண்ட ஃப்ளோரியன் எங்கள் கம்பெனியிலேயே சோதனை ஓட்டுநர். மாமனார் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார்கள்.

பிறகு பங்குச் சந்தை விழுந்தது. பணக்காரன் எவனும் கார் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கம்பெனியின் காட்சிக்கூடம் காற்று வாங்கியது. பெரிய முதலாளி இருந்ததையெல்லாம் போட்டுப் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைச் செய்யச் சொன்னார். ஜனவரியில் நியூயார்க் கண்காட்சிக்கு அது போயே ஆக வேண்டும்.

அந்த எஞ்சின் சோதனைக்கு வந்த அன்று வாலென்டி குச்சியை அதில் ஊன்றிக் கடித்தான். அடுத்த நொடியே எடுத்துவிட்டான்.

"ஆறாவது சிலிண்டர் தண்டுல தட்டுது. பிரிக்கணும்."

ஃபோர்மன் டன்லெவி அவன் பின்னால் போய் நின்று ஒரு கெட்ட வார்த்தையை உரக்கச் சொன்னான். வாலென்டி திரும்பவில்லை. டன்லெவி முன்னால் வந்து, வாயை மெதுவாக அசைத்துப் பேசினான்.

"செவிட்டுப் பயலே, உனக்கு எப்படிடா கேட்டுச்சு? முத்திரையை அடி. இல்லேன்னா இப்பவே நடையைக் கட்டு." பிறகு என்னைப் பார்த்தான். "உனக்குக் கேக்குதா?"

குச்சியைக் காதில் வைத்தேன். லேசாகத் தட்டியது. குச்சியைக் கீழே வைத்தேன். "இல்லீங்க" என்றேன். பாவி நான்!

வாலென்டி தன் ஏழாம் எண்ணை முத்திரையாக அடித்தான். சோதனை ஓட்டுநர்கள் நாலு பேர் இருந்தார்கள். எஞ்சின் யார் கைக்குப் போகிறது என்று அவன் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை சோதனைப் பாதையின் வளைவில் தண்டு முறிந்து எஞ்சின் இறுகிக்கொண்டது. கார் மூன்று முறை உருண்டது. ஓட்டிப்போய்ச் செத்தவன் ஃப்ளோரியன். இருபத்தெட்டு வயசு.

அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் சாப்பாடு நடந்தது. பெலாஜியா அப்பாவின் எதிரே வந்து நின்றாள்.

"அப்பா, ஏழு உங்க முத்திரைதானே? அந்த எஞ்சின்ல ஏதாவது தெரிஞ்சுதா? உண்மையைச் சொல்லுங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன்.

"எனக்குக் காது கேக்காதும்மா. ஆறு வருஷமாச்சு. வேலை போயிடும்னு மறைச்சுட்டேன்."

அவள் கத்துவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ அவன் தலையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். "ஐயோ, இதை இத்தனை நாளா தனியாவா சுமந்தீங்க?" என்று அழுதாள். அவன் அந்த அழுகையில் முகத்தை மறைத்துக்கொண்டான். பல்லைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் கம்பெனிக்குப் பூட்டுப் போட்டார்கள். யந்திரங்கள் ஏலத்தில் போயின. வாலென்டி அதன்பிறகு ஒன்பது வருஷம் உயிரோடு இருந்தான். பெலாஜியா மறுமணம் செய்யவில்லை. சிலேட்டில் எழுதிக் காட்டிப் பேசி, கஞ்சி ஊட்டி, கடைசிவரை அவனைக் குழந்தையாகப் பார்த்துக்கொண்டாள். அந்த அன்பை அவன் எப்படித் தாங்கினானோ எனக்குத் தெரியாது.

போன மாதம் அவனைப் புதைத்துவிட்டு வந்தோம். அவனுடைய பழைய கருவிப் பெட்டியிலிருந்து குச்சியை எடுத்து பெலாஜியா என்னிடம் காட்டினாள். ஒரு நுனியில் பல் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது.

"கேக்காத காதுக்கு இது எதுக்கு மாமா? இதை ஏன் இப்படிக் கடிச்சு வெச்சிருக்காரு?"

அவள் கண்ணையே பார்த்தேன்.

"பழக்கம்மா" என்றேன்.