பெரட்டு மணி

பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். காலையில் தொழிலாளர்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்துக்குப் பின்னால் மலை விரிசல் விட்டதும், லயத்து வரிசை வீடுகளின் இளைஞர்கள் நாங்கள் குழுவாகச் சேர்ந்து மண்சரிவு அனர்த்தப் பயிற்சிக்குப் போய் வந்தோம். ஆபத்து வந்தால் பெரட்டு மணியை அடிப்போம், எல்லாரும் மேட்டுக் கோயிலுக்கு ஓடிவிட வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னோம். அந்த மணிதான் எல்லாக் காதுக்கும் எட்டும். யோசனை என்னுடையது.

ஒத்திகை நாளில் மழை தூறியது. நண்பன் மணியை அடித்தான். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மூச்சு வாங்க நின்று பார்த்தால், முழுத் தோட்டமும் பெரட்டுக்களத்தில், விரிசலுக்கு நேர் கீழே, வேலைக்கு நிற்பதுபோல வரிசையாக நிற்கிறது. மழை வலுத்தது. யாரும் நகரவில்லை. போகும்படி யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தார்கள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கோயிலுக்குன்னு எத்தனை தடவை சொன்னேன்? இங்க எதுக்கும்மா வந்தீங்க?"

"நான் எங்க வந்தேன்? நீதானே புள்ள இழுத்துக்கிட்டு வந்த!"

குனிந்து என் கால்களைப் பார்த்தேன். நானும் வரிசையில்தான் நின்றிருந்தேன். படிக்கிற பிள்ளை என்று ஒரு நாள்கூட என்னைக் கொழுந்து பறிக்க அனுப்பாதவர் அம்மா.

இப்போது ஆபத்துக்கு விசில் ஊதுகிறோம். காலையில் பெரட்டு மணி அடித்தால், அம்மா அதே விரிசலுக்குக் கீழே போய் வரிசையில் நிற்கிறார். என் கால்களும் கிளம்பிவிடாமல் நான் கதவுநிலையைப் பிடித்துக்கொள்கிறேன்.