பெட்டியில மாட்டாத கிட்டார்

என் வீட்டுக்காரரு கணேஸ்வரன் ஜாசின் பக்கம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டுறாரு. நல்ல மனுஷன்தான். ஆனா அவர்கிட்ட யாராவது ஒரு வார்த்தை சொல்லிட்டா அது அப்படியே மண்டையில உக்காந்துக்கும், லேசுல எறங்காது.

எங்க மகன் திலீப் ஆபீஸ் வேலைய விட்டுட்டு ஹோட்டல்ல பேண்ட் வாசிக்கப் போறேன்னு சொன்னப்போ இவரு குதிச்சாரு. "நாலு கம்பியத் தட்டுறதெல்லாம் ஒரு வேலையாடா?"ன்னு கேட்டாரு.

"ஆறு கம்பிப்பா. நீங்க ஒரே ஒரு பாட்டு வாசிச்சுட்டு வந்து என்கிட்ட பேசுங்க"ன்னு சொல்லிட்டு அவன் மலாக்கா டவுன்ல ரூம் எடுத்துப் போயிட்டான். அதோட ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னு போச்சு. அவன் எனக்கு போன் பண்ணுவான். இவரு டிவி பார்க்கிற மாதிரி பக்கத்துல உக்காந்து காதத் தீட்டிக்கிட்டு இருப்பாரு. நடுவுல நான்தான் போஸ்ட்மேன்.

மக அனுசியாவுக்குக் கல்யாணம் முடிவாச்சு. மண்டபத்துல விருந்துக்கு அண்ணன் பேண்ட்தான் வாசிக்கணும்னு அவ ஒத்தக்கால்ல நின்னா. அடுத்த வாரமே இவரு, அலமாரிக்குப் பின்னால கிடந்த திலீப்போட பழைய சிவப்பு எலக்ட்ரிக் கிட்டார எடுத்துத் தொடைச்சாரு. என்னங்க இதுன்னு கேட்டேன்.

"ஒரு பாட்டு வாசிச்சுட்டுத்தானே பேசணும்?"ன்னாரு. மனுஷன் அத நிஜமாவே எடுத்துக்கிட்டாருலா.

பழைய இங்கிலீஷ் ராக் பாட்டு ஒண்ணு. திலீப் ஸ்கூல் படிக்கிறப்போ முதமுதல்ல கத்துக்கிட்டது அதுதான். தடிக் கம்பியில ரெண்டு விரல வெச்சு அங்கயும் இங்கயும் நகர்த்தினா போதும்னு போன் வீடியோவுல ஒரு வெள்ளைக்காரன் சொல்லிக் குடுத்தான். அவன் சொல்லிட்டான், இவரு விரலு கேக்கணுமே. இடது கை விரல் நுனியெல்லாம் வீங்கிப் போயி, லோரியில கியர் மாத்தும்போதெல்லாம் முகத்தச் சுளிப்பாராம். கூட வேலை செய்யிறவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்குச் செங்ங்கிற ஊர்ல ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட், பகல்லதான் தூங்குவேன். சத்தம் வர்ற ஸ்பீக்கர் பெட்டிய திலீப் கொண்டு போயிட்டான், என் தூக்கம் கெடும்னு இவரும் வேற வாங்கல. வேலை முடிஞ்சு வந்ததும் வெறும் கிட்டாரத் தட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு. கதவுக்கு அந்தப் பக்கம் பல்லி மாதிரி டிக் டிக்னு கேக்கும். அதுதான் வினையாப் போச்சு. பெட்டியில மாட்டாத வரைக்கும் அந்தக் கிட்டார்ல பாதி தப்பு வெளிய தெரியாதாம். கூட ஆடுற கம்பி எதுவும் காதுல விழாதாம்.

விருந்துல பாதிச் சாப்பாட்டுல இவரு கோட்டோட மேடை ஏறிட்டாரு, கையில சிவப்பு கிட்டார். திலீப் அவரு முகத்தப் பார்க்காமலே வயர ஸ்பீக்கர் பெட்டியில மாட்டி விட்டான். முதல் தட்டுலயே மண்டபம் அலறிச்சு. தடிக் கம்பியோட சேர்ந்து கீழ இருக்கிற மெல்லிசுக் கம்பியெல்லாம் கூச்சல் போட்டுச்சு. சம்பந்தியம்மா காதப் பொத்திக்கிட்டாங்க. யாரோ சிரிச்சாங்க. இப்ப நிறுத்திட்டு எறங்கினாருன்னா இந்த ஜென்மத்துல மகன்கூடப் பேச மாட்டாருன்னு எனக்குத் தெரியும்.

எறங்கல. வேர்த்து வழிஞ்சுக்கிட்டே மறுபடியும் முதல்ல இருந்து தொடங்கினாரு. திலீப் தன் கிட்டாரக் கழட்டி வெச்சுட்டு அவரு இடது பக்கம் வந்து நின்னான். கைய நீட்டி, மெல்லிசுக் கம்பிங்க மேல விரல லேசா வெச்சான். அமுக்கல, சும்மா தொட்டுக்கிட்டு நின்னான். கூச்சல் அடங்கிச்சு. தடிக் கம்பி மட்டும் கணீர்னு கேட்டுச்சு. பின்னால டிரம்ஸும் சேர்ந்துக்கிச்சு. ஒரே கிட்டார்ல அப்பன் கையும் மகன் கையுமா பாட்டு முடியிற வரைக்கும் போச்சு. நடுவுல தப்பு வந்துச்சு, எனக்கே தெரிஞ்சுது.

மேடைய விட்டு எறங்கினதும் இவரு கேட்டாரு. "வாசிச்சிட்டேன். பேசலாமா?"

"பேசுங்கப்பா."

இத்தன வருஷம் சேர்த்து வெச்சதையெல்லாம் கொட்டப் போறாருன்னு நான் பயந்துக்கிட்டே பக்கத்துல போனேன். இவரு தன் இடது கையப் பார்த்துக்கிட்டு நின்னாரு.

"இந்த விரல் வலி எப்படா போகும்?"

திலீப் அந்தக் கையப் புடிச்சு ஒவ்வொரு நுனியாத் தடவிப் பார்த்தான். "எனக்கு ஒரு வருஷம் ஆச்சுப்பா. சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல"ன்னான்.