யாருக்கும் புரியாத பாட்டு

மலேசியாவில், செனாய் ஊரிலிருந்த தொழிற்சாலைக்கு எங்களை ஏற்றிச் சென்ற பஸ் ஓட்டுநரை, கழுத்துத் துண்டும் தடித்த மோதிரமுமாகத்தான் எனக்கு நினைவிருக்கிறது. பஸ்ஸில் எப்போதும் ஒரே வகைப் பாட்டுதான். ரெகே தாளத்தில் ஒருவர் அழைக்க, ஒரு கூட்டமே பதில் பாடும் ஆப்பிரிக்கப் பாட்டு. ஸ்டீயரிங்கில் மோதிரத்தால் தாளம் தட்டியபடி அவர் அழைப்பார். நேபாளிகள், மலாய்க்காரர்கள், தமிழர்கள் என எல்லோரும் பதில் பாடுவோம்.

"தமிழ்ப் பாட்டு போடலாமேண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"போட்டேனே! மத்தவங்க அவங்கவங்க பாட்டக் கேட்டாங்க. தினம் சண்டை. இது யாருக்கும் புரியாது லா, சண்டையும் இல்ல."

ஒருநாள் நைஜீரியாவிலிருந்து வந்த புது இன்ஜினியர் ஒருவர் பஸ்ஸில் ஏறினார். அவருக்கு அந்தப் பாட்டு புரியும், நாங்கள் தப்புத் தப்பாகப் பாடுவது தெரிந்துவிடுமே என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். ஓட்டுநர் மட்டும் குரலைக் கொஞ்சமும் குறைக்காமல் பாடினார். சிவப்பு விளக்கில் நிறுத்தியதும் திரும்பி, பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

இன்ஜினியர் சிரித்தார். அது தன் மொழியே இல்லை, ஒரு சொல்கூடப் புரியவில்லை என்றார்.

"அப்ப இவரும் நம்ம ஆளுதான். பாடுங்க!" என்று எங்களை அதட்டிவிட்டு ஓட்டுநர் மறுபடி அழைத்தார்.

முதல் பதில் அந்த இன்ஜினியரிடமிருந்துதான் வந்தது, எங்களைவிடத் தப்பாக.