நாற்பத்திரண்டு துடிப்பு

என்னிடம் வரும் வயதான நோயாளிகளிடம் நான் கொஞ்சம் கறாராகத்தான் இருந்தேன். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து காட்டச் சொல்வேன். முடியாதவர்களிடம், "வயசெல்லாம் சும்மா ஒரு சாக்கு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். கல்லூரிக் காலத்திலிருந்து எண்ணூறு மீட்டர் ஓடுகிறவன், அறுபத்திரண்டு வயதிலும் மூத்தோர் தடகளப் போட்டிக்குப் போகிறவன் என்ற தலைக்கனம் எனக்கு. பாதிப் பேர் என் வாய்க்குப் பயந்தே நடக்கப் போனார்கள்.

ஞாயிறு காலை ஸ்டேடியத்தில் நாங்கள் ஆறு பேர் ஓடுவோம். ஓடுமுன் ஒருவர் நாடியை ஒருவர் பிடித்து எண்ணுவது வழக்கம். யாருக்கு அதிகமோ அவர் அன்றைக்கு டீ வாங்கித் தர வேண்டும். மெதுவாகத் துடிக்கிற இதயமே நல்ல பயிற்சி பெற்ற இதயம் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

அவர்களில் ஒருவன் கல்லூரி நாளிலிருந்தே என் கூட்டாளி. ரிலே ஓட்டத்தில் எனக்கு பேட்டன் கொடுத்தவன். அரசு ட்ரஷரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போன மழைக்காலத்துக்குப் பிறகு அவன் ஒரு நாளும் டீ வாங்கவில்லை. ஒரு ஞாயிறு, இரண்டாவது சுற்றில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"தலை கறங்குதுடே," என்றான்.

மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். நாற்பத்திரண்டு.

"இந்த வயசுல இந்த பல்ஸா! ராஜா மாதிரி இருக்கே. தண்ணி குடிச்சிட்டு ஓடு," என்றேன். மற்றவர்கள் கை தட்டினார்கள். அவனும் சிரித்துக்கொண்டே ஓடினான்.

வேறு யார் தலைசுற்றலோடு அந்த நாடியைக் கொண்டு வந்திருந்தாலும் உடனே இ.சி.ஜி. எடுத்திருப்பேன். பயிற்சியால் மெதுவான இதயம் ஓடும்போது வேகம் பிடிக்கும். அவனுடையது ஒன்றரைச் சுற்று ஓடியும் பிடிக்கவில்லை. மருத்துவம் படித்தவனுக்கு இது பாலபாடம். நான் அன்று ஓட்டக்காரனாக மட்டும் நின்றுவிட்டேன். நினைத்தால் என் மீதே ஆத்திரம் வருகிறது. இப்போதெல்லாம் எழ முடியாதவர்களிடம் ஏன் என்று கேட்கிறேன். சாக்கு என்ற சொல் வாயில் வருவதில்லை.

பத்து நாளில் தம்பானூர் ரயில் நிலைய மேம்பாலப் படியில் அவன் மயங்கி விழுந்தான். இதயத்துக்குள் மின்னோட்டம் தடைப்பட்டிருந்தது. பேஸ்மேக்கர் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். விழுந்ததில் இடுப்பெலும்பு நொறுங்கியிருந்ததால் மூட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியில் அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இத்தனை வருஷம் நீங்க ஓட வச்சதுனாலதான் இந்த உடம்பு தாங்கிச்சுன்னு ஹார்ட் டாக்டரே சொன்னாரு அண்ணே."

நான் தலையாட்டினேன். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு நின்ற மாதிரி கேவலமாக நான் எங்கும் நின்றதில்லை.

அவள் மருந்து வாங்கப் போனதும் அவனிடம் சொன்னேன்: "அன்னைக்கே நான் கண்டுபிடிச்சிருக்கணும். என் தப்புடே."

"தெரியும்," என்றான், கண்ணை மூடியபடியே. "படுத்துக்கிட்டே எல்லாம் யோசிச்சாச்சு. அவகிட்ட மட்டும் சொல்லிராத. அப்புறம் உன்கூட ஓட விடமாட்டா."

கட்டிலருகே புது வாக்கர் நின்றது. இனி அவன் ஓடக் கூடாது என்று எலும்பு மருத்துவர் அன்று காலைதான் என்னிடம் சொல்லியிருந்தார். நண்பன் என்பதால் நானே பக்குவமாக எடுத்துச் சொல்லட்டும் என்று விட்டிருந்தார்.

"அடுத்த ஸ்போர்ட்ஸ் மீட்டுக்கு ரெடியாயிரலாம், அல்லே?" என்றான்.

"முதல்ல நட, பாப்போம்," என்றேன்.