வெறும் கல்லறைக்கு ஒரு ஜெபம்

பத்து வயதில் நான் புனிதனாகிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். டாக்டர் பதவியையும் கலெக்டர் பதவியையும் என் வகுப்பில் ஏற்கெனவே பலர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். புனிதர் பதவிக்குத்தான் போட்டி இல்லை. எதையாவது கணக்கெண்ணிக்கொண்டே இருக்கும் பதற்றம் எனக்கு அப்போதே உண்டு. நாற்பத்தைந்திலேயே என் மனைவி என்னைக் கிழவன் என்பது அதனால்தான். சொன்ன ஜெபம், விட்ட ஜெபம், அடக்கிய கோபம் என்று விரல்விட்டு எண்ணியபடி படுத்திருப்பேன். கணக்கு உதைத்தால் தூக்கம் வராது.

எனக்கு முன்மாதிரி பெரியப்பா. நாகல் நகரில் எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. பள்ளிக்கூட வாத்தியார். நான் பிறப்பதற்கு முன்பே தமக்கான கல்லறையைக் கட்டிவைத்துவிட்டவர். சிமெண்ட் மேடை, தலைமாட்டில் சிலுவை, அதில் அவர் பெயர், பிறந்த தேதி. இறந்த தேதிக்கு இடம் விட்டிருந்தது. சாவை நினைத்து வாழும் தாழ்ச்சிக்கு அவரே உதாரணம் என்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னபோது பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதையும் தாழ்ச்சி என்றார்கள். காலையில் என்னோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்ட மனிதரின் பெயரைக் கல்லறையில் வாசிக்கும்போது எனக்கு முதுகு சில்லிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கல்லறைத் திருநாள். சாயங்காலம் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வருவார் என்பதால் எல்லோரும் காலையிலேயே வந்து கல்லறைகளைக் கழுவி, சுண்ணாம்படித்து, செவ்வந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். அன்று கல்லறைத் தோட்டத்துக்குள் வந்து ஜெபித்தால் உத்தரிக்கிற ஸ்தலத்தில் பாவம் தீர வேகும் ஓர் ஆத்துமா மோட்சம் போகும். வெளியே போய் மறுபடி உள்ளே வந்தால் இன்னோர் ஆத்துமா. இது எங்கள் பெரியவர்களின் பழைய கணக்கு. எனக்கு வேறென்ன வேண்டும்? வாசலுக்கும் கல்லறைகளுக்குமாக ஓடினேன்.

பதினேழு பேரை அனுப்பி முடித்தபோது காற்று நின்றுவிட்டிருந்தது. மேகம் கவிந்த பகல். அத்தனை மெழுகுவர்த்திகளும் ஆடாமல் நிமிர்ந்து எரிந்தன. நான் அனுப்பியவர்கள் போகாமல் நின்று என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

பெரியப்பாவின் கல்லறையிலும் ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது. பக்கத்தில் பெரியம்மா. அவள் மட்டும் வீட்டுக்குப் போகாததை நான் கவனித்திருக்கவில்லை. சிமெண்டின் மேல் உள்ளங்கையால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தாள், ஒரே தாளத்தில்.

“அப்பு, ஊருக்கெல்லாம் சொல்றியே, இதுக்கும் ஒண்ணு சொல்லு.”

“இதுலதான் ஆளே இல்லையே பெரியம்மா.”

“நீ சொல்லு.”

“சொன்னா பெரியப்பா மோட்சத்துக்குப் போயிருவாங்கல்ல?”

“அவரு எங்க போவாரு? சோத்துக்கு வெஞ்சனம் ரெண்டு வகை இருந்தா தெருவுக்கே போக மாட்டாரு.”

சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. தட்டுவதையும் நிறுத்தவில்லை.

“நான் சொன்னா எடுபடுதோ என்னமோ. நீ சின்னப்புள்ள. சொல்லுப்பா.”

என் கையைப் பிடித்து மேடையில் வைத்தாள். சிமெண்ட் முழுவதும் குளிர்ந்திருக்க, அவள் தட்டிய இடம் மட்டும் சூடாக இருந்தது. ஜெபத்தைச் சொன்னேன். முடித்தபோது, காற்றே இல்லாத அந்த இடத்தில், மெழுகுவர்த்தி ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது. பெரியப்பாவைக் கொன்றுவிட்டேன் என்று பயந்து அவர் வீட்டுக்கு ஓடினேன்.

அந்தக் கல்லறைக்குள் ஆள் இருந்தது எனக்குத் தெரிய வந்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு. பெரியப்பா இறந்து, மேல்கல்லைத் தூக்கியபோது, மூலையில் முழ நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி இருந்தது. குழிக்குள் இறங்கியவர் கையை இழுத்துக்கொண்டார். “அது எம் புள்ள. அங்கனயே இருக்கட்டும், அவரைப் பக்கத்துல வைங்க” என்றாள் பெரியம்மா. உயிரில்லாமலே பிறந்ததால் ஞானஸ்நானம் பெறாத பெண் குழந்தை. அப்படிப்பட்ட பிள்ளைகளை எங்கள் ஊரில் அந்நாளில் மந்திரித்த மண்ணில் புதைக்க விடமாட்டார்கள். வேலிக்கு வெளியேதான். மகளை யாருக்கும் தெரியாமல் உள்ளே வைப்பதற்காகவே பெரியப்பா தம் பெயரில் கல்லறை கட்டியிருக்கிறார். ஜெபம் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று எண்ணுவதை அன்றோடு விட்டேன்.

ஆனால் பத்து வயதில் இதெல்லாம் தெரியாது. நான் ஓடி வந்தபோது பெரியப்பா ஈஸிச்சேரில் வாய் திறந்தபடி அசையாமல் கிடந்தார். மூக்கருகே விரலை நீட்டினேன். மூச்சு வருகிறதா என்றே தெரியவில்லை.

“ஏலே, என்னலே பண்றே?” கண் திறக்காமலே கேட்டார்.

“பெரியம்மா உங்க கல்லறைக்கு ஜெபம் சொல்லச் சொன்னாங்க. சொல்லிட்டேன்.”

கண்ணைத் திறந்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“முழுசாச் சொன்னியா?”

“முழுசா.”

“அழுதாளா?”

“இல்ல. தட்டிக்கிட்டே இருந்தாங்க.”

பெரியப்பா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் முழந்தாளிட்டார்.

“இன்னொரு தரம் சொல்லு. செத்த மெதுவாச் சொல்லு.”

சொன்னேன். ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் நெற்றியைத் தரையில் வைத்தார். தோள்கள் குலுங்கின. சாவுக்குப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். புனிதர் வரிசையில் அவரை நான் முந்திவிட்டதாகவும் ஒரு நினைப்பு. அவர் முதுகில் கைவைத்து, “பயப்படாதீங்க பெரியப்பா, அதுக்குள்ள யாருமே இல்ல. நான் பாத்துட்டுத்தான் வாரேன்” என்றேன்.